பெர்மிட் முடிவதற்குள்



மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரே செய்தியை வெவ்வேறு கையெழுத்துகளில் படித்துக்கொண்டிருக்கிறேன். "இன்னும் அஞ்சாறு மாசம்தான் ஐயா. பெர்மிட் முடியுது, ஊருக்குப் போறேன்." சுங்கை செம்பிலாங் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவர் எழுதுகிறார். ஜெராமில் ரொட்டி சானாய் போடுகிறவர் எழுதுகிறார். புக்கிட் ரோத்தானில் முடிதிருத்தும் கடையில் நிற்கிறவர், குரல் பதிவாகவே அனுப்பிவிடுகிறார். எல்லோரும் சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். வந்தபோது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. இன்று காதோரம் நரை தெரிகிறது.

அந்தக் கடிதங்களில் அடுத்து வரும் வரிதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. "முடிஞ்ச மட்டும் ஓவர்டைம் பார்த்துட்டுப் போயிடணும்." அதற்கடுத்து, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல, "இத்தனை வருஷத்துல இங்க ஒண்ணுமே பார்க்கலை."

அந்த இரண்டாவது வரியை இப்போதே மாற்றிவிடலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மீதமிருக்கும் மாதங்களை நாட்காட்டியில் கோடு போட்டு அடித்துக்கொண்டே கழிப்பவர்கள், உடல் இங்கே, மனம் ஊரில் என்று இரண்டிடத்திலும் இல்லாமல் போகிறார்கள். ஊர் எங்கும் போய்விடாது. இந்த இடத்தைத்தான் நீங்கள் விட்டுப் போகப் போகிறீர்கள். போனபின் திரும்பி வர டிக்கெட்டும் விசாவும் வேண்டும்.

இந்த மண் பல வகையான புறப்பாடுகளைப் பார்த்திருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஆள் மிச்சமென்று பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதைவிட நம் பெரியவர்களின் நினைவில் ஆறாமல் இருப்பது 1969. மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்துத்தான் வேலை செய்யலாம் என்று 1968இல் இயற்றிய சட்டம் கறாராக அமலுக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர்கள் அவர்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாததால், கேட்ட காகிதத்தைக் காட்ட முடியாததால், குடியுரிமை வாங்காமலே இருந்துவிட்டவர்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குப் போனார்கள் என்பது வரலாற்றில் இருக்கும் கணக்கு. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அப்போது அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் வந்து நிற்கும். பினாங்கு, நாகப்பட்டினம் வழியாகச் சென்னைக்குப் போகும்.

அவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள் என்று தோட்டத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். லயத்து வாசலில் வைத்த முருங்கையை அடுத்த வீட்டுக்கு எழுதாமலே எழுதி வைத்தார்கள். ஒரு குடும்பத்தில் தம்பிக்கு நீல அட்டை, அண்ணனுக்குச் சிவப்பு அட்டை. தம்பி இருந்தார், அண்ணன் போனார். சொல்லிக்கொண்டு போகவே நேரம் கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பாட்டிமார் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பர்மாவில் 1960களில் கடை கண்ணிகள் அரசுடைமையானபோது வெளியேறிய தமிழர்களுக்கு அந்த அளவுகூட அவகாசம் இல்லை. வெறுங்கையோடு சென்னைக்கு வந்து, கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் போட்டு, நாக்கில் ஒட்டியிருந்த பர்மிய நூடுல்ஸான அத்தோவை விற்றுப் பிழைத்தார்கள்.

உங்களுக்கோ புறப்படும் தேதி தெரியும். எந்த மாதம், எந்த வாரம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒரு நாட்டை விட்டுப் போகிற வாய்ப்பு நம்மவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? அதை வீணாக்காதீர்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பிரிக்காமல் ஆண்டு விடுப்பைக் கொடுக்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். சம்பளத்தோடு கூடிய விடுப்பு. குறித்த காலத்துக்குள் எடுக்காமல் விட்டால் கைவிட்டுப் போய்விடும். நம் பிள்ளைகளில் பலர் இதை ஒரு நாள்கூட எடுத்ததில்லை. கேட்டால் தவுக்கே (முதலாளி) கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். கடைசி மாதங்களிலாவது கேளுங்கள், தேதி போட்டு எழுதிக் கேளுங்கள்.

கணக்கையும் இங்கேயே, கால் இந்த மண்ணில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு ஒரு கடிதத்துக்குப் பதில் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்டாயம்: உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளியின் பங்கு 2 விழுக்காடு. சிறிய தொகைதான், ஆனால் அது உங்களுடையது. உங்கள் பெயரில் கணக்கு இருக்கிறதா, கடப்பிதழ் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, ஊர் திரும்பும்போது அதை எப்படி எடுப்பது என்று சேமநிதி அலுவலகத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள். குலை விழுந்து தோளில் பட்டது, அரிவாள் காலைக் கிழித்தது என்று பழைய காயம் இருந்தால், அதற்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவன) மனுவையும் இங்கிருக்கும்போதே கொடுங்கள். 2019 தொடக்கத்திலிருந்து வேலையிடத்து விபத்துப் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. ஒப்பந்தம் முறையாக முடிகிற நாளுக்குள் பாக்கிச் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். கடப்பிதழை உங்களிடம் கொடுக்காமல் யாராவது வைத்திருந்தால், அடுத்தவர் கடப்பிதழை அப்படி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால், தொழிலாளர் இலாகாவுக்கு மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த உள்ளூர் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வட்டாரத்தில் அப்படி வருகிறவர்களுக்குக் குறைவில்லை.

இன்னொன்று. முதலாளியிடம் ஒரு சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன வேலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்னென்ன இயந்திரம் ஓட்டத் தெரியும் என்று கடைத் தலைப்பிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. எட்டு ஆண்டு டிராக்டர் ஓட்டியவன் ஊரில் போய் "எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும்" என்று வாயால் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொள்வதைப் பற்றியும் இப்போதே விசாரியுங்கள். என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியர்) வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், ஊரில் நிலையாகத் தங்கியதும் அதை உள்ளூர்க் கணக்காக மாற்றும்படி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

காகித வேலை இத்தோடு போதும். இப்போது கொஞ்சம் வெளியே போவோம்.

முதலில் புக்கிட் மலாவாத்திக்கு ஏறுங்கள். கோலசிலாங்கூர் பட்டணத்துக்குள்ளேயே இருக்கும் சிறிய குன்று. காலையில் ஏறினால் வியர்க்காது. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இருந்த இடம். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கே நின்று மேற்கே பாருங்கள். அதுதான் மலாக்கா நீரிணை. நாகப்பட்டினத்தில் ஏறிய நம் பாட்டன்மார் பினாங்கைத் தாண்டி அந்த நீர்வழியாகத்தான் தெற்கே கிள்ளானுக்கு வந்து இறங்கினார்கள்.

குன்றில் இருக்கும் வெள்ளி நிறக் குரங்குகளையும் நின்று கவனியுங்கள். பெரியவை சாம்பல் நிறம், தலையில் கூம்பு போல மயிர். ஆனால் பிறந்த குட்டி பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சாம்பல் நிறத் தாயின் மார்பில் ஆரஞ்சுக் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பதை முதல் தடவை பார்க்கிறவர்கள் வேறு இனத்துக் குட்டி என்றே நினைப்பார்கள். சில மாதத்தில் முகத்திலும் கைகால்களிலும் தொடங்கி நிறம் மாறிவிடும். அதுவரை தாய் மட்டுமல்ல, கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகளும் குட்டியை வாங்கி வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். ஊரில் மனைவியும் அம்மாவும் அத்தையும் மாற்றி மாற்றித் தூக்கி வளர்த்த பிள்ளையை வீடியோ காலில் மட்டுமே பார்த்த தகப்பன்மார் பலர் இதைப் படிப்பீர்கள். அந்தக் குன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மின்மினிக்குக் கம்போங் குவாந்தான் போங்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ காசு செலவழித்து வந்து பார்க்கிறார்கள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம்தான். நிலவில்லாத, மழையில்லாத இரவாகப் பாருங்கள். நாலு பேர் ஏறுகிற சின்னப் படகு, மோட்டார் கிடையாது, துடுப்புதான். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக நிற்கும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்க மினுக்கும். பக்கத்துப் பூச்சியோடு தாளம் சேர்த்துச் சேர்த்து, கொஞ்ச நேரத்தில் மரம் முழுவதும் ஒரே சமயத்தில் மின்னி அணையும். கைப்பேசியில் படம் எடுக்க முயலாதீர்கள், விழாது. அந்தப் பூச்சியின் புழுப் பருவம் கரையோர ஈரச் சருகுக்குள் நத்தையைத் தின்று வளர்கிறது. அதனால்தான் ஆற்றங்கரையைச் சுத்தமாகச் செதுக்கிச் செம்பனை நடும் இடங்களில் மின்மினி குறைந்து போகிறது. நாம் வேலை செய்யும் மரத்துக்கும் நாம் பார்த்து வியக்கும் பூச்சிக்கும் உள்ள இந்தக் கணக்கு, குலை வெட்டுகிற உங்களுக்குப் புரிகிற அளவுக்குச் சுற்றுலாப் பயணிக்குப் புரியாது.

செம்பனை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. நீங்கள் அண்ணாந்து பார்த்து, நீளக் கம்பு நுனியில் கட்டிய அரிவாளால் இழுத்து வெட்டும் அந்த மரம் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று தோட்டமாக நடப்பட்டது உங்கள் வட்டாரத்திலேதான். 1917, தென்னமரம் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கம். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலேசியாவின் செம்பனைத் தொழில் முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான். அந்தத் தோட்டங்களில் காடு வெட்டியும் களை பிடுங்கியும் வேலை செய்தவர்களில் நம் முன்னோர் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் போய்வாருங்கள். பெயர்ப்பலகை முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் மகள் "அப்பா அங்க என்ன வேலை பார்த்தீங்க" என்று கேட்கும்போது அந்தப் படம் உதவும்.

அறுவடைக்கு முன்னால் செக்கிஞ்சான் நெல் வயலைப் பார்ப்பதும், ஜெராம் கரையில் நண்டும் கெராங் சிப்பியும் வாங்கிச் சேர்ந்து சமைப்பதும் உங்கள் விருப்பம். வடக்கே குளிர் காலமாக இருக்கும் மாதங்களில் கடல் வற்றினால், இந்தக் கரையின் சேற்றுத் திட்டில் சைபீரியா வரையிலிருந்து வந்த உள்ளான்கள் கூட்டமாக மேயும். அதையும் சொல்லி வைக்கிறேன்.

இடத்தைவிட மனிதர்களை விட்டுப் போவதுதான் கடினம். அதற்குத்தான் நாம் நேரமே வைப்பதில்லை. ஒரே அறையில் பங்களாதேஷ்காரர், நேப்பாளி, இந்தோனேசியர் என்று ஆண்டுக்கணக்காகப் படுத்து எழுந்திருப்பீர்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் பெயரை முழுதாக எழுதத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய ஊர் முகவரியை வாங்கி வையுங்கள், உங்களுடையதைக் கொடுங்கள். கைப்பேசி எண் மாறும், ஊர் மாறாது. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களிடம் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு உங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்ட அம்மா ஒருத்தராவது இருப்பார். அவருக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு பிடி விபூதி வேண்டுமா, அவர் தாத்தா பிறந்த கிராமம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள். தாத்தாவின் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, போக வழியில்லாமல் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த ஊர் உங்கள் பக்கத்துத் தாலுகாவாகவே இருக்கக்கூடும்.

சீட்டு எடுத்துவிட்டு மீதித் தவணை கட்டாமல் போகாதீர்கள். மளிகைக் கடைக் கணக்கை முடியுங்கள். ஒருவர் கட்டாமல் போனால், அடுத்து வரும் நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கடையில் கடன் கிடைக்காது. யாரிடமாவது பேச்சு நின்றுபோயிருந்தால், ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்துப் பேசிவிடுங்கள்.

அதேபோல, கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைக் கிள்ளான் கடைத்தெருவில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். கோடாலித் தைலம், கம்பளி, மைலோ, சோப்பு என்று பெட்டி கட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா மகனுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரருக்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். போய் இறங்கியதும் முதல் மூன்று மாதம் வருமானம் இருக்காது. வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அந்த நாட்களில்தான், "வெளிநாட்டுல இருந்து என்ன கொண்டாந்தே" என்ற கேள்வி நெஞ்சில் குத்தும். வீட்டுப் பெண்களோடு இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். என்ன கடன் மிச்சம், என்ன தொழில் தொடங்கலாம், வந்ததும் எவ்வளவு காலம் சும்மா இருக்க முடியும் என்று. இத்தனை ஆண்டுகள் வீட்டைத் தனியாக நடத்தியவர்கள் அவர்கள். கணக்கு உங்களைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுதுங்கள்.

தென்னமரத்தில் செம்பனை நட்ட அந்தப் பிரெஞ்சுக்காரர், மலாயாவை விட்டுப் போய் துனீசியாவில் குடியேறிய பிறகுதான் 'மலேசி' என்ற நாவலை முடித்தார். 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. நம் ப. சிங்காரம் 1938இல் சிங்கம்புணரியிலிருந்து இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனார், 1946இல் ஊர் திரும்பினார். மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் எழுதினார். மேடான் தெருக்களின் பெயரும் கடைகளின் பேச்சும் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் எழுத்தில் அப்படியே நிற்கின்றன. இருந்த காலத்தில் கண்ணைத் திறந்து பார்த்தவர் அவர்.

எல்லோரும் நாவல் எழுத வேண்டியதில்லை. ஒரு பள்ளி நோட்டு வாங்குங்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதல் குலையை வெட்டியபோது கை எப்படி நடுங்கியது, உதிரிப் பழம் பொறுக்கும்போது கூட யார் பேசிக்கொண்டிருந்தார்கள், மழை நாளில் அறையில் என்ன சமைத்தீர்கள், எந்த மலாய்ச் சொல்லை முதலில் கற்றீர்கள் என்று வந்தபடி எழுதுங்கள். எழுத வராதென்றால் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். 1969இல் போனவர்களின் கதை நமக்குப் பெரும்பாலும் இருந்தவர்களின் வாயால்தான் கிடைத்திருக்கிறது. போனவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. உங்கள் தலைமுறைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

அடுத்த இதழிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்காகவே இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். எழுத்துப் பிழை பற்றிக் கவலைப்படாதீர்கள், அதைத் திருத்துவது எங்கள் வேலை. பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும், 1969க்குப் பின் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், வீட்டில் பழைய சிவப்பு அட்டையோ தோட்டச் சம்பளப் புத்தகமோ இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரிந்தவரை குறிப்பிடுங்கள். மாதத்தின் பதினைந்தாம் தேதிக்குள் எங்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்த மாத இதழில் சேர்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்